110 குதிரையும் ஒரு ஏர் ஃபில்டரும்

ஆண்டாப் ஹில்லில் வீடு என்று சொன்னால் மாட்டுங்கா தமிழர்கள் கொஞ்சம் பரிதாபமாகப் பார்ப்பார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் கோயில், பூக்கடை, டிகிரி காபி. எங்களுக்குப் பக்கத்தில் வடாலா டிரக் டெர்மினல். எம்.எம்.ஆர்.டி.ஏ லாரிகளுக்கென்று ஒதுக்கிய இடத்தில் ஒரு பகுதி இப்போது அண்ணாந்து பார்க்க வேண்டிய அடுக்குமாடிகளாகிவிட்டது. ஆனாலும் லாரிகள் போய்விடவில்லை. சேலத்து ஜவ்வரிசியையோ ஈரோட்டு மஞ்சளையோ இறக்கிவிட்டு, ரிட்டர்ன் லோடுக்காக இரண்டு மூன்று நாள் காத்துக்கிடக்கும் நம்மூர் வண்டிகளை இந்தப் பக்கம் பார்க்கலாம். டிரைவரும் கிளீனரும் வண்டிக்கு அடியிலேயே ஸ்டவ் வைத்துக் குழம்பு கொதிக்க விடுவார்கள். எனக்குத் தொழிலே டீசல் எஞ்சின் சர்வீஸ் என்பதால் இந்த அக்கம்பக்கத்தில் குறை ஒன்றுமில்லை.

லாரியின் முகப்பிலோ கதவிலோ ஒரு நான்கு இலக்க எண் எழுதியிருக்கும், கவனித்திருக்கிறீர்களா? 1613, 2516, 3118, 4923 என்று. பையன்கள் கேட்டால் சொல்லிக்கொடுங்கள், சுலபம்தான். முதல் இரண்டு இலக்கம் சரக்கோடு சேர்த்து வண்டியின் மொத்த எடை, டன் கணக்கில். அடுத்த இரண்டைப் பத்தால் பெருக்கினால் எஞ்சினின் ஹெச்.பி. 2516 என்றால் 25 டன், 160 ஹெச்.பி. கம்பெனிகள் முன்னே பின்னே முழுதாக்கிக்கொள்ளும், ஆனால் கணக்கு இதுதான். 2018 ஜூலையில் மத்திய அரசு அச்சு ஒன்றுக்கு அனுமதிக்கும் எடையைக் கூட்டியது. அதற்குப் பிறகு 2820, 3520, 4825, 5530 என்று எண்களும் வளர்ந்துவிட்டன.

இந்த எண்களை வகுத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். 1613-ல் டன்னுக்கு 8 ஹெச்.பி. 2516-ல் 6.4. நாற்பத்தொன்பது டன் இழுக்கும் 4923-ல் டன்னுக்கு ஐந்துகூட வராது. ஐரோப்பாவில் 40 டன் இழுக்கும் வண்டிக்குச் சாதாரணமாக 450 ஹெச்.பி வைக்கிறார்கள், அதாவது டன்னுக்குப் பதினொன்று. நம்முடையதைப்போல இரண்டு பங்கு. 'அப்போ நம்ம வண்டியெல்லாம் சோப்ளாங்கியா சார்?' என்று வேலைக்குப் புதிதாக வரும் பையன்கள் கேட்பார்கள். இல்லை என்பதற்கான காரணத்தை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் எழுதத் தூண்டியது லாரி அல்ல, ஒரு அறுப்பு மிஷின்.

மன்னார்குடிக்குத் தெற்கே என் மாமியார் வீடு. மச்சான் (மனைவியின் தம்பி) விவசாயம் பார்க்கிறான். பல வருஷமாகத் தை மாதம் வந்தால் ஆத்தூர், கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வரும் அறுவடை இயந்திரங்களுக்கு மணிக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்து வந்தவன். வண்டி வரவேண்டிய நாளில் வராது. வந்தால் பெரிய பண்ணைக்காரர்களுக்கு முதலில் போகும். 2021 ஜனவரியில் அறுவடை நேரத்தில் டெல்டாவில் மழை கொட்டியது, 2023 பிப்ரவரி ஆரம்பத்திலும் அப்படியே. இரண்டு தடவையும் சாய்ந்து தண்ணீரில் கிடந்த கதிரை அவன் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டியிருந்தது. நெல் முளைத்துவிட்டால் போச்சு. முளைக்காவிட்டாலும் ஈரம் 17 சதவீதத்துக்கு மேலிருந்தால் கொள்முதல் நிலையத்தில் விதிப்படி எடுக்கமாட்டார்கள். மத்திய அரசு தளர்வு தருகிறதா என்று காத்திருக்க வேண்டும். நாமே ஒரு மிஷின் வாங்கினால் என்ன என்று அவனுக்குத் தோன்றியதில் தப்பில்லை.

ஒருநாள் ராத்திரி போன்.

"அத்தான், ஒரு டயர் வண்டி விலைக்கு வருது. லேலண்ட் எஞ்சின், ஆறு சிலிண்டர், 110 ஹெச்.பி. 11 லட்சம் சொல்றாங்க. இன்னொண்ணு பெல்ட் வண்டி, அது வெறும் 68 ஹெச்.பிதான், விலை ஜாஸ்தி. லாரி எஞ்சினெல்லாம் உங்களுக்குத் தண்ணி பட்ட பாடு. 110-ஐ எடுத்துடலாம்ல?"

பணம் எங்கிருந்து என்று கேட்டேன். ஆறு மா நிலத்துப் பத்திரம், அம்மாவின் நகை, மீதிக்கு நான். என் பங்கைப் பற்றி எனக்குக் கவலையில்லை. மீதி இரண்டும் போனால் திரும்பாது. மாமியார் பின்னாலிருந்து போனை வாங்கி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "மாப்பிள்ளை, லாரின்னா ரோட்டுல நிக்கும், யாராவது வருவாங்க. இது நடு வயல்ல நின்னுபோச்சுன்னா யாரைக் கூப்புடுறது?"

மச்சான் கேட்டது ஹெச்.பி, மாமியார் கேட்டது நம்பகம். இரண்டையும் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஹெச்.பி என்பது இரண்டு விஷயத்தின் பெருக்கல். ஒன்று, எஞ்சின் எவ்வளவு பலமாக முறுக்குகிறது. புத்தகத்தில் டார்க் என்பார்கள், டிரைவர்கள் இழுவை என்பார்கள். இரண்டாவது, நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது. இழுவையைச் சுற்றால் பெருக்கி 716-ஆல் வகுத்தால் ஹெச்.பி. 110 ஹெச்.பியை 2200 சுற்றில் கொடுக்கும் எஞ்சினுக்கு அந்த இடத்தில் இழுவை சுமார் 36 கிலோ மீட்டர். ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் 36 கிலோவைத் தொங்கவிட்டால் எவ்வளவு முறுக்கும், அவ்வளவு. 68 ஹெச்.பியை 2700 சுற்றில் கொடுக்கும் எஞ்சினுக்கு அது 18 தான். சின்ன எஞ்சின் வேகமாகச் சுற்றி ஈடுகட்டுகிறது.

இனி லாரிக்கு வருவோம். 25 டன் லாரி சமதரையில் மணிக்கு 50 கிலோமீட்டரில் ஓட எவ்வளவு ஹெச்.பி வேண்டும்? டயரின் உராய்வு, காற்றின் தடை எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டால் 60 ஹெச்.பி பக்கம் வருகிறது. 160-ல் நூறு சும்மா இருக்கிறது! அதே வண்டியை நூறடிக்கு ஐந்தடி ஏறும் சரிவில் ஏற்றினால் 160-உம் போதாமல், மணிக்கு 25 கிலோமீட்டருக்கு இறங்கிவிடும். எட்டடி ஏற்றமென்றால் 17. ஆனால் ஏறிவிடும். கியர் பாக்ஸ் வேகத்தைக் கழித்து இழுவையைப் பெருக்கிக் கொடுக்கிறது. ஹெச்.பி குறைவு என்றால் ஏறமுடியாது என்று அர்த்தமில்லை, மெதுவாக ஏறும் என்றுதான் அர்த்தம். அந்த மெதுவைப் பொறுத்துக்கொண்டு டீசலை மிச்சம் பிடிப்பது நம்மூர் கணக்கு. போர் காட்டில் பின்னால் வரும் கார்க்காரர்கள்தான் பாவம்.

இறக்கம் வேறு கதை. நாமக்கல் டிரைவர் ஒருவர் டெர்மினலில் டீ குடித்துக்கொண்டே சொன்னார், "ஏத்தத்துல வண்டி நின்னாலும் நாம உசுரோட இருப்போமுங்க. தொப்பூர் எறக்கத்துல டீசல் மிச்சம் பண்றேன்னு நியூட்ரல் போட்டாத்தானுங்க ஆளு போறது." தர்மபுரியிலிருந்து சேலம் இறங்கும் தொப்பூர் கணவாயில் நடந்த விபத்துகளை நீங்களும் செய்தியில் படித்திருப்பீர்கள். கியரில் இருக்கும்வரை எஞ்சின் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் போட்டால் முப்பது டன்னையும் பிரேக் லைனிங் மட்டுமே தாங்க வேண்டும். சூடேறிய லைனிங் பிடிக்காது. எஞ்சினின் பலத்தில் இந்தப் பிடிக்கும் பலத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எந்த விளம்பரத் தாளிலும் இதைப் பெரிய எழுத்தில் போடுவதில்லை.

மச்சான் சொன்ன லேலண்ட் எஞ்சினின் பூர்வீகம் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1948-ல் ரகுநந்தன் சரண் சென்னையில் அசோக் மோட்டார்ஸ் ஆரம்பித்தார். முதலில் ஆஸ்டின் கார் பூட்டினார்கள். 1950-ல் இங்கிலாந்தின் லேலண்டோடு லாரிக்கு ஒப்பந்தம். 1955-ல் லேலண்ட் பங்குதாரராகி, பெயர் அசோக் லேலண்ட் ஆனது. எண்ணூரில் தொழிற்சாலை. (டாடா அதே காலத்தில், 1954 முதல் 1969 வரை, ஜெர்மனியின் டைம்லர் பென்ஸோடு கூட்டு. பிறகு 1993-ல் கம்மின்ஸோடு.) லேலண்ட் எஞ்சின்களுக்குப் பெயர் கன அங்குலத்தில். 370 என்றால் 370 கன அங்குலம், சுமார் 6 லிட்டர். 400 என்றால் 6.5 லிட்டர். எண்பதுகளில் ஜப்பானின் ஹினோ தொழில்நுட்பம் வந்து லாரிகள் மாறத் தொடங்கின. ஆனால் அந்தப் பழைய 400 ஓய்வு பெறவில்லை. பஞ்சாபின் நாபா, பாத்சோன் ஊர்களில் செய்யும் அறுவடை இயந்திரங்களில் 'ஏ.எல்.யு 400' என்ற பெயரில் ஏறி உட்கார்ந்து பல வருஷம் கோதுமையும் நெல்லும் அறுத்தது. நம்மூர் டவுன் பஸ்ஸின் ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் பலர் 'லாரி எஞ்சின் போட்ட மிஷின்' என்று நம்பிக்கையாகச் சொல்வது இதனால்தான்.

நம்பிக்கை சரி. ஆனால் லாரியில் உழைத்தது போலத்தான் வயலிலும் உழைக்கும் என்று நினைக்கக் கூடாது.

லாரி எஞ்சினுக்கு ஓய்வு உண்டு. சமதரையில் பாதி பலம் கூடத் தேவையில்லை என்று பார்த்தோம். இறக்கத்தில் டீசலே வேண்டாம். சோதனைச் சாவடி, டீக்கடை, டிராஃபிக் என்று நிற்கும். அறுப்பு மிஷின் எஞ்சின் காலையில் பனி காய்ந்ததும் 2200 சுற்றில் ஏற்றி வைத்தால் இருட்டும் வரை அங்கேயே நிற்கும். காரணம் உண்டு. வண்டியை நகர்த்துவது அதன் வேலையில் சின்னப் பங்குதான். வெட்டுக்கத்தி, கதிரடிக்கும் உருளை, சல்லடை, பதர் ஊதும் காற்றாடி எல்லாமே அந்த ஒரே எஞ்சினில் பெல்ட் போட்டு ஓடுகின்றன. சுற்று குறைந்தால் எல்லாமே குறையும். உருளை மந்தமானால் நெல் உதிராமல் வைக்கோலோடு பின்னால் போய்விடும். காற்றாடி மந்தமானால் பதர் கலக்கும். இன்னும் குறைந்தால் ஈர வைக்கோல் உருளையில் சுற்றி அடைத்துக்கொள்ளும். அப்புறம் இறங்கி அரிவாளால் அறுத்து எடுக்க ஒரு மணி நேரம்.

அதனால் இங்கே பார்க்க வேண்டியது உச்ச ஹெச்.பி அல்ல. சுமை திடீரென்று ஏறி, 2200 சுற்று 2000-க்கு இறங்கும்போது இழுவை கூடுகிறதா என்பதைத்தான். நல்ல டீசல் எஞ்சினில் 1500 சுற்றுப் பக்கம் இழுவை உச்சத்துக்குப் போகும்படி அமைத்திருப்பார்கள். சுற்று குறையக் குறைய எஞ்சின் முரண்டு பிடித்து இழுக்கும். பம்ப் தேய்ந்துபோன எஞ்சின் இந்த இடத்தில்தான் மூச்சை விடும். நிறுத்தி வைத்து ஆக்சிலேட்டரை மிதித்துக் காட்டும்போது தெரியவே தெரியாது.

அடுத்தது சூடு. டீசலில் இருக்கும் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான் வேலையாகிறது. மீதி புகைக்குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெளியே போக வேண்டும். லாரிக்கு ஓடும்போது எதிர்க்காற்று உதவும். நடக்கும் வேகத்தில் ஊரும் மிஷினுக்கு எதிர்க்காற்று ஏது? தன் ஃபேன்தான். அந்த ஃபேனும் இழுப்பது சுத்தமான காற்றை அல்ல, வைக்கோல் தூசி பறக்கும் காற்றை. ரேடியேட்டர் வலையில் தூசி அப்பிக்கொண்டால் அரை மணியில் டெம்பரேச்சர் முள் ஏறிவிடும்.

மூன்றாவது, என் கணக்கில் முதலாவது, தூசி. எஞ்சின் ஒரு லிட்டர் டீசலுக்கு ஆயிரக்கணக்கான லிட்டர் காற்றைக் குடிக்கிறது. நெல் உமியில் சிலிக்கா நிறைய. கிட்டத்தட்ட மணல்தான். ஏர் ஃபில்டரில் ஒரு சின்ன ஓட்டை, அல்லது ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் ஹோஸில் ஒரு விரிசல், அல்லது ஒரு லூசான கிளிப் இருந்தால் போதும். அந்தத் தூசி ஆயிலோடு கலந்து அரைக்கும் பசையாகி லைனரையும் பிஸ்டன் ரிங்கையும் தேய்த்துவிடும். பத்து வருஷம் வரவேண்டிய எஞ்சின் ஒரே சீசனில் புகை தள்ளும். கம்ப்ரஷன் கீழே இறங்கி ஆயில் ஊற்றும் வாய் வழியாகக் குபுகுபுவென்று வரும். மெக்கானிக்குகள் பேக் கம்ப்ரஷன் என்பார்கள். டெர்மினல் பக்கம் நாற்பது வருஷமாக எஞ்சின் பிரிக்கும் திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். தாராவியில் வளர்ந்தும் பேச்சு மாறவில்லை. "எஞ்சின் தானா சாவாது தம்பி, நாமதான் கொல்லுதோம். அஞ்சு ரூவா கிளிப்பு போதும் கொல்லுததுக்கு" என்பார். அவர் பிரித்துப் போட்ட லைனர்களைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், மிகையில்லை.

நான்காவது, சேறு. டெல்டா வயல் பஞ்சாப் கோதுமை வயல் அல்ல. பின்மழை பெய்த தையில் கால் வைத்தால் கணுக்கால் புதையும். பல டன் எடையுள்ள டயர் வண்டி அங்கே இறங்கினால் 110 ஹெச்.பியும் சக்கரத்தைச் சுழற்றிச் சேற்றை வாரி இறைக்கத்தான் பயன்படும். எஞ்சினிடம் பலமிருந்தும் மண்ணில் பிடிப்பில்லை. பெல்ட் வண்டி எடை குறைவு, அந்த எடையும் நீளமான ரப்பர் பெல்ட்டில் பரவி நிற்கும். 68 ஹெச்.பியோடு அது நடந்து போய்விடும். வெட்டும் அகலம் குறைவு, வேகம் குறைவு, வாடகை அதிகம். ஆனால் ஈர வயலில் அறுத்து முடிக்கும்.

"அப்ப பெல்ட் வண்டிதான்னு சொல்லுங்க அத்தான், ஏன் சுத்தி வளைக்கிறீங்க?" என்றான் மச்சான்.

அவ்வளவு சுலபமாகவும் சொல்ல முடியவில்லை. மாமியார் கேட்ட கேள்வி பாக்கியிருந்தது. பழைய லேலண்ட் ஆறு சிலிண்டருக்கு மன்னார்குடியில், திருவாரூரில், தஞ்சாவூரில் எந்த லாரிப் பட்டறையிலும் ஆள் உண்டு. நம் அரசு பஸ்களில் பெரும்பாலானவை லேலண்ட் என்பதால், அந்த எஞ்சினில் கைபழகிய மெக்கானிக்குகள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். கேஸ்கெட், லைனர், நாசில் எல்லாம் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில் கிடைக்கும். ராத்திரி பத்து மணிக்குக் கதவைத் தட்டினாலும் ஒருவர் ஸ்பானரோடு வருவார். புது மாதிரி எஞ்சின் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், சென்சார் ஒன்று போனால் டீலரின் ஆள் லேப்டாப்போடு வரும்வரை காத்திருக்க வேண்டும். லாரிக்கு அந்த இரண்டு நாள் வாடகை நஷ்டம். தை மாதத்து மிஷினுக்கு அந்த இரண்டு நாளில் வானம் கறுத்துவிடலாம். வண்டி எத்தனை தடவை பழுதாகும் என்பதோடு, பழுதானால் எத்தனை மணி நேரத்தில் எழுந்து நிற்கும் என்பதையும் சேர்த்தால்தான் நம்பகம். இரண்டாவது பாதி எஞ்சினுக்குள் இல்லை, ஊரில் இருக்கிறது.

பழைய எஞ்சின்தான் நல்லது, புதுசெல்லாம் மோசம் என்று நான் பாட்டுப் பாடவில்லை. லாரிகளுக்கு 2017 ஏப்ரலில் நாடு முழுக்க பி.எஸ் 4 வந்தது, 2020 ஏப்ரலில் பி.எஸ் 6. ஐம்பது ஹெச்.பிக்கு மேற்பட்ட விவசாய இயந்திரங்களுக்கு அடுத்த கட்ட விதி 2023 ஜனவரியில் வந்தது. இங்கே குழந்தைகளை வைத்துக்கொண்டு லாரிப் புகைக்கு நடுவில் குடியிருப்பவன் நான், அந்த விதிகள் வேண்டும் என்றுதான் சொல்வேன். டீசலும் மிச்சமாகிறது. ஆனால் புது எஞ்சின் சாப்பாட்டு விஷயத்தில் கறார். கேனில் வாங்கி வைத்த டீசலில் தண்ணீர் கலந்திருந்தால் பழைய பம்ப் இருமிவிட்டு ஓடும். காமன் ரெயில் இன்ஜெக்டர் படுத்துவிடும், விலை கேட்டால் நாமும் படுத்துவிடுவோம். புது லாரிகளில் டீசலோடு 'டெஃப்' என்ற யூரியாக் கரைசலும் ஊற்ற வேண்டும். 32.5 சதவீதம் யூரியா, மீதி சுத்திகரித்த தண்ணீர். அது தீர்ந்தால் எஞ்சின் தானே பலத்தைக் குறைத்துக்கொள்ளும். "வீட்ல யூரியா மூட்டை இருக்கே, கரைச்சு ஊத்திக்கலாமே" என்று ஒருவர் என்னிடமே கேட்டார். தயவுசெய்து வேண்டாம். 2015-லிருந்து வயலுக்கு வரும் யூரியா வேப்ப எண்ணெய் பூசியது. மற்ற அழுக்கும் உண்டு. புகைக்குழாயில் இருக்கும் விலையுயர்ந்த பாகம் அதோடு சரி.

இத்தனையும் பேசிவிட்டு, பழைய டயர் வண்டியையும் நேரில் பார்க்காமல் தள்ளக் கூடாது என்று மச்சானைப் போய்ப் பார்க்கச் சொன்னேன். மேட்டு நிலத்துக்கு அது ஓடும், உளுந்துக்கும் ஓடும், விலையும் தோது. என்ன பார்க்க வேண்டும் என்று எழுதி அனுப்பினேன்.

போவதை முன்கூட்டிச் சொல்லாதே. போனதும் எஞ்சினைத் தொட்டுப் பார். சூடாக இருந்தால் ஏற்கெனவே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள், குளிர்ந்த பிறகு வருகிறேன் என்று சொல். குளிர்ந்த எஞ்சின் எத்தனை சுற்றில் பிடிக்கிறது, என்ன நிறத்தில் புகை, எவ்வளவு நேரம் என்று பார். ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து உள்ளங்கையை வை. ரேடியேட்டர் தண்ணீரில் ஆயில் படலம் மிதக்கிறதா பார். ஹவர் மீட்டர் எத்தனை மணி காட்டுகிறது, அது வேலை செய்கிறதா கேள். ரோட்டில் ஓட்டிக் காட்டினால் திருப்தியடையாதே, ஏதாவது ஒரு வயலில் முழு அகலத்துக்கு ஒரு மணி நேரம் அறுக்கச் சொல், கூலி நாம் கொடுப்போம். எல்லாவற்றுக்கும் முன்னால், ஃபில்டருக்கு அப்புறம் எஞ்சினுக்குப் போகும் ரப்பர் ஹோஸைக் கழற்றி, உள்பக்கம் வெள்ளைத் துணியால் துடை.

ஓட்டிப் பார்க்கும் வரை போகவேயில்லை. ஹோஸைத் துடைத்த துண்டை வாட்ஸப்பில் படமாக அனுப்பினான். செம்மண் நிறம். ஃபில்டர் புத்தம் புதுசு. ஹோஸில் மட்டும் டேப் சுற்றியிருந்தது. விற்றவர், எஞ்சின் வேலை செய்து இரண்டு சீசன்தான் ஆச்சு என்று சத்தியம் செய்தாராம். அது உண்மையாகவே இருக்கலாம். அந்த இரண்டு சீசனும் எஞ்சின் தூசி தின்றிருக்கிறது. மறுபடி லைனர் பிஸ்டன், பம்ப் நாசில் என்று போனால் 11 லட்சம் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. டீ மட்டும் குடித்துவிட்டு வந்துவிட்டான். திரும்பும் வழியெல்லாம் அவனுக்கு மனசு சரியில்லை. கையில் 110 ஹெச்.பி வந்து போனது போல இருந்ததாம்.

கடைசியில் ஊரில் இன்னும் இரண்டு பேரோடு சேர்ந்து ஒரு பெல்ட் வண்டி எடுத்தார்கள். மூன்றில் ஒரு பங்கு என்பதால் நிலப் பத்திரம் பெட்டியிலேயே இருக்கிறது. நகை மட்டும் போயிருக்கிறது. முதல் தையில் ஒன்றரை நாள் நின்றது. எஞ்சினால் அல்ல, கொட்டகையில் நிறுத்தி வைத்திருந்தபோது எலி ஒயரைக் கடித்துவிட்டது. டீலர் ஆள் வருவதற்குள் மன்னார்குடி ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் சோதனை விளக்கை வைத்து ஒயர் ஒயராகத் தேடிக் கண்டுபிடித்தார். அந்த ஒன்றரை நாளும் மச்சான் மேகத்தைப் பார்த்தபடி எனக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தான். நல்லவேளை, மழை வரவில்லை. சொந்த நெல்லையும் அறுத்து, வெளி வாடகைக்கும் ஓட்டி, முதல் தவணையைக் கட்டிவிட்டார்கள். நகை திரும்புமா என்பது அடுத்த குறுவையில் தெரியும். இப்போது வண்டியில் எப்போதும் இரண்டு ஃபில்டர், ஒரு டஜன் ஹோஸ் கிளிப், ஒரு ஃபேன் பெல்ட் இருக்கின்றன. கொட்டகையில் எலிப்பொறியும்.

நம்மில் பலருக்கு ஊரிலிருந்து இப்படி ஒரு போன் வந்திருக்கும், இல்லாவிட்டால் வரும். லாரி, டிராக்டர், அறுப்பு மிஷின், ஏதோ ஒன்று. துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ மும்பையிலிருந்தோ நாம் பணம் அனுப்புவோம். எஞ்சினைப் பற்றித் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அனுப்புவதற்கு முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த மண்ணில், எந்த மாதத்தில் ஓடப்போகிறது? நின்றால் எத்தனை மணி நேரத்தில் யார் வருவார்கள், பெயர் என்ன? தினமும் காலையில் ஃபில்டரைத் தட்டிப் போடப்போவது யார்? மூன்றாவது கேள்விக்கு 'டிரைவர் பாத்துப்பான்' என்று பதில் வந்தால் கொஞ்சம் யோசித்துப் பணம் அனுப்புங்கள்.